பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவது ஆள்

என்னிடம் பழைய பேஸ்பால் அணிப் படங்களைக் கொண்டு வருகிறவர்கள் பொய் சொல்வதில்லை. பொய்யெல்லாம் அவர்களுடைய தாத்தாக்கள் சொல்லிவிட்டுப் போனது. ஒஹாயோவில் பாதிப் பேருடைய தாத்தா, பெரிய லீக்கின் வாசல் வரை போய் முழங்கால் பிசகித் திரும்பி வந்தவர். மீதிப் பாதிப் பேருடைய தாத்தா, போகாதே என்று அம்மா அழுததால் போகாமல் விட்டவர். முப்பத்தோரு வருடமாகக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அதனால் யார் வந்தாலும் முதலில் படத்தைப் பார்ப்பேன், கதையை அப்புறம் கேட்பேன்.

என் பெயர் கோரின் விக்கரி. ஒரு படம் எந்த வருடத்தது, எந்த அணி, யார் யார் நிற்கிறார்கள், என்ன விலைக்குப் போகும் என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. சட்டைக் கழுத்தில் இருப்பது கயிறா பொத்தானா, தொப்பியின் உச்சி தட்டையா குவிந்ததா, கையுறைக்கு விரல் இருக்கிறதா, அட்டையின் ஓரத்தை எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். என் கணவர் லோவல் பின்னறையில் உட்கார்ந்து கிழிந்த படங்களை ஒட்டுவார், கண்டபடி ஒட்டியவற்றைப் பிரிப்பார். அவருக்குப் பொறுமை அதிகம். எனக்கு வாய் அதிகம்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டெல்பர்ட் டாலிவர் வந்தார். நாற்பது மைல் தள்ளி ஆஷ்வெல் என்ற சின்ன ஊரில் மூன்று தலைமுறையாகக் கால்நடைத் தீவனக் கடை நடத்துகிற குடும்பம். அறுபத்தொன்பது வயது, சிவந்த கழுத்து, இஸ்திரி போட்ட கட்டம்போட்ட சட்டை. குளியல் துண்டில் சுற்றிய பெரிய சட்டம் ஒன்றைக் கைக்குழந்தையை இறக்குவதுபோல் என் மேசைமேல் இறக்கினார்.

"மெதுவாம்மா, மெதுவா. நூத்திமுப்பது வருஷம் ஆச்சு. என்னைவிட இதுக்கு வயசு ஜாஸ்தி."

"பார்த்தா அப்படித் தெரியலையே," என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"சொல்லுங்க, உங்க தாத்தாவுக்கு எந்த முழங்கால் போச்சு?"

"தாத்தா இல்ல, கொள்ளுத்தாத்தா. முழங்கால் இல்ல, சுண்டுவிரல்."

கொள்ளுத்தாத்தாவின் பெயர் எஸ்ரா டாலிவர். கார்லி ஊர் அணியின் கேட்சர். பந்து எறிகிறவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, பாய்ந்து வருகிற பந்தைப் பிடிக்கிற வேலை. அந்தக் காலத்தில் வெறுங்கையால் பிடித்தார்கள். ஒரு பந்தில் எஸ்ராவின் வலது சுண்டுவிரல் முறிந்து, பக்கவாட்டில் துருத்திக்கொண்டு அப்படியே கூடிவிட்டதாம். மறுநாளும் ஆடினாராம். மகன் வாரனுக்கு ஐந்து வயதாகும்போது விஷக் காய்ச்சலில் செத்துப்போனார். அவருடைய படம் என்று உலகத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

"எதுக்கு இப்ப மதிப்புப் பார்க்கிறீங்க? விக்கவா?"

"ஐயையோ, விக்கிறதா! சனிக்கிழமை எங்க ஊர் மைதானத்து வாசல்ல அவருக்கு வெண்கலப் பலகை திறக்கிறோம். அந்த நெலம் எங்க தாத்தா குடுத்தது. படத்த ஒரு மாசம் டவுன் ஹால்ல கண்ணாடிப் பெட்டில வெக்கணுமாம். இது இன்ன வருஷத்துப் படம், இது இன்னார்னு விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் எழுதிக் குடுத்தா நல்லதுன்னு கமிட்டில சொன்னாங்க."

லேசான வேலை. லோவல் சட்டத்தைப் பிரித்து, பழைய கண்ணாடியை எடுத்து வைத்தார். தடித்த அட்டையில் ஒட்டிய பழுப்புப் படம். ஒன்பது ஆட்டக்காரர்கள், உருண்டைத் தொப்பி வைத்த ஒரு மேலாளர். பின்னால் மரம் வரைந்த திரை, காலடியில் புல்வெளிபோல் தெரிய வைக்கோல் பரப்பியிருந்தார்கள். கழுத்தில் கயிறு கட்டிய சட்டை, வளையம் போட்ட தட்டைத் தொப்பி. அடியில் பழுப்பு மசியில் கார்லி, 1886 என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் நேர்கீழே பெயரும் ஆடும் இடமும் எழுதியிருந்தது. வருடத்தில் சந்தேகமே இல்லை. பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவது ஆளுக்குக் கீழே எஸ்ரா டாலிவர், கேட்சர் என்று இருந்தது. களையான, சதுர மோவாய்க்கார முகம். வலது கையைப் பக்கத்து ஆளின் தோளில் போட்டிருந்தார்.

உருப்பெருக்கியை எடுத்து முகம் முகமாகப் போனேன். எஸ்ராவிடம் வந்ததும் நின்றேன். அந்த முகம் முழுக்கப் புள்ளி. நிஜமான பழைய படத்தில் புள்ளி இருக்காது. பத்திரிகையிலும் விலைப்பட்டியலிலும் அச்சடிக்கிற படத்தில்தான் இருக்கும். ஓரத்தை நகத்தால் தடவினேன். தடித்தது.

எனக்கு இது புதிதில்லை. அந்தக் காலத்தில் ஒருவன் பாதிப் பருவத்தில் அணி மாறிப்போனால், மறுபடி எல்லோரையும் கூட்டிப் படம் எடுக்க யார் காசு கொடுப்பார்கள்? படக்காரர் போனவனின் தலையை வெட்டிவிட்டு வந்தவனின் தலையை ஒட்டிவிடுவார். உடம்பு அவனுடையது, தலை இவனுடையது. மூன்று பேர் தலை மட்டும் பூசணிக்காய் அளவுக்கு இருக்கிற படத்தைக்கூட நான் விற்றுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்த மாதிரிப் புள்ளி அச்சு 1886இல் கிடையாது. யாரோ முப்பது வருடம் கழித்து வீட்டில் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார்கள். பூசணமோ பூச்சியோ முகத்தைத் தின்றிருக்கும், மூடியிருப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டு கையிலும் வெள்ளைச் சாயம் தடிமனாக இருந்தது. வெளிச்சம் போதாமல் கை மங்கலாக விழுந்தால் படக்காரர்கள் அப்படித் தீட்டுவது வழக்கம்தான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. வழக்கம் தெரிந்தவர்கள்தான் அந்தத் தப்பைச் செய்வார்கள்.

ஆனால் அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். எங்கே பார்த்தேன், எங்கே பார்த்தேன் என்று மண்டையைக் குடைந்தது. சட்டென்று எழுந்து அலமாரியிலிருந்து 1914ஆம் வருட விளையாட்டுச் சாமான் விலைப்பட்டியலை எடுத்தேன். இருபத்திரண்டாம் பக்கம். கம்பளித் தொப்பி விளம்பரம். அதே புருவம், அதே மோவாய், அதே மிடுக்கு.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என்மேலேயே கோபம் வருகிறது.

"மிஸ்டர் டாலிவர், உங்க கொள்ளுத்தாத்தா அரை டாலர் தொப்பி விக்கிறாரு பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். விலைப்பட்டியலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி விலைப்பட்டியலைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிவப்பு கழுத்து வழியாக இறங்கிப் போய்விட்டது.

"வெண்கலத்துல வார்த்தாச்சும்மா," என்றார்.

"எத?"

"இந்த மூஞ்சிய. இதப் பார்த்துத்தான் அச்சு எடுத்தாங்க. வாசல்ல மாட்டி, துணி போட்டு மூடி வெச்சிருக்கோம். மேயர் வர்றாரு. பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியம் வருது."

பின்னறை வாசலில் நின்ற லோவல், "தொப்பிக்காரன் பேரன் யாராவது கேள்விப்பட்டா ரொம்ப சந்தோஷப்படுவான்," என்றார். நான் முறைத்தேன். அவர் காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு என் வேலையைச் செய்தேன். இப்படியே விற்றால் இருநூறு டாலர், அடியில் நிஜ முகம் கெடாமல் இருந்தால் ஆயிரத்து ஐநூறு வரை போகலாம், பிரிக்கும்போது கிழிந்தால் ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

"வெல கெடக்கட்டும். அடியில அவரு மூஞ்சி இருக்குமா?"

"இருக்கலாம். இல்லாமயும் போகலாம்."

"பிறந்ததுலேருந்து இந்தப் படத்துக்குக் கீழ உக்காந்துதான் சாப்பிட்டேன். எங்கப்பா மோவாய் இவர் மோவாய் மாதிரியே இருக்குன்னு அத்தைங்க சொல்லுவாங்க. தொப்பிக்காரன் மோவாய்!" நாற்காலியில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார். "எங்க வீட்டுல உசுரோட இருக்கிற ஒருத்தரும் அவரப் பார்த்ததே இல்லன்னு ஆயிடுச்சே. பிரிங்க. கிழிஞ்சா கிழியட்டும். எங்க கையெழுத்துப் போடணும்?"

கையெழுத்துப் போட்டார். லோவல் முகத்தின்மேல் ஈரக் காகிதம் வைத்து, அதன்மேல் கண்ணாடித் துண்டு வைத்தார். கோதுமைப் பசை, ஊறினால் விட்டுவிடும் என்றார். ஊற முக்கால் மணி நேரம். நாங்கள் மூன்று பேரும் காபி குடித்தோம். டெல்பர்ட் தன் தாத்தா வாரனைப் பற்றிச் சொன்னார். 1915இல் கார்லியிலிருந்து ஆஷ்வெலுக்குக் குடிவந்து, கடை போட்டு, தேவாலயத்தில் மூப்பராகி, ஊருக்கு மைதானம் கொடுத்த மனிதர். ஞாயிற்றுக்கிழமைகூடச் சிரிக்காதவர். வேலைக்காரர்களைக் கடுமையாக நடத்துவார், கூலியில் மட்டும் ஒரு காசு குறைக்கமாட்டார் என்று ஊரில் பேச்சாம்.

லோவல் கண்ணாடித் துண்டை எடுத்தார். மெல்லிய தகட்டை ஓரத்தில் நுழைத்து, மூச்சுவிடாமல், மோவாயிலிருந்து மேலே தூக்கிக்கொண்டே போனார். நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். முதலில் மோவாய் தெரிந்தது. பிறகு உதடு. பிறகு முழு முகம்.

கறுப்பு முகம். இருபத்தைந்து, இருபத்தாறு வயது கறுப்பு இளைஞன் நேராக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பூசணமும் இல்லை, பூச்சியும் இல்லை. காகிதத்துக்கு அடியில் வெளிச்சமே படாமல் இருந்ததால் அந்தப் படத்திலேயே அவன் முகம்தான் துல்லியமாக இருந்தது.

வெள்ளைக்காரர் அணியில் கறுப்பர் ஆடிய காலம் ஒன்று கொஞ்ச நாள் இருந்தது. அப்புறம் கதவைச் சாத்தினார்கள், சாத்தியது அறுபது வருடம் திறக்கவில்லை. சாத்துவதற்கு முன்னால் எடுத்த படங்கள் எத்தனை மிச்சம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நாற்பதாயிரம் டாலர் என்று என் மனம் சொல்லிற்று. மனிதனைப் பார்ப்பதற்கு முன்னால் விலையைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

"யாரு இது?" என்றார் டெல்பர்ட்.

லோவல் ஒட்டு முகத்தைத் தட்டில் மல்லாத்தி வைத்தார்.

"இது எங்க ஆளு இல்ல. என்ன பண்ணினீங்க? படத்த மாத்திட்டீங்களா?"

லோவல் தகட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "சார், நீங்க பக்கத்துலதான நின்னீங்க."

"அப்ப இவன தூக்கிட்டு எங்க ஆள சேத்திருப்பாங்க. அப்படித்தானம்மா? கறுப்பு ஆளுங்கள வெளிய அனுப்பின சமயம்தான அது? எங்க ஆளு அப்புறம் வந்திருப்பாரு. அதான் இவன் மூஞ்சிய மூடிட்டாங்க."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொன்னால், அப்படியே இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நானும் வெள்ளைக்காரிதான், எதிரே ஒரு மனிதர் உடைந்துபோவதைப் பார்க்கிற தைரியம் எனக்குக் கிடையாது. விளக்கை இழுத்துப் பெயரின்மேல் வைத்தேன். அழித்து எழுதியிருந்தால் காகிதம் சுரண்டப்பட்டிருக்கும். சுரண்டவில்லை. மற்ற எட்டுப் பெயர்களை எழுதிய அதே கை, அதே மசி. அந்த உடம்புக்குக் கீழே எஸ்ரா டாலிவர் என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள்.

"பேரு மாறல," என்றேன்.

"எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்."

"கோரின்," என்று லோவல் கூப்பிட்டார். "கையில இருக்கிற சாயம் படக்காரர் போட்டது இல்ல. பசைக்கு மேல வழிஞ்சிருக்கு பாரு. ஒட்டினவங்களே பூசியிருக்காங்க."

ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். வெள்ளை கரைந்து பஞ்சில் ஏறியது. பக்கத்து வெள்ளைக்கார ஆட்டக்காரனின் தோள்மேல் கிடந்த வலது கை கறுப்பாக வெளிவந்தது. நான்கு விரல் சேர்ந்திருந்தன. சுண்டுவிரல் மட்டும் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நின்றது.

டெல்பர்ட் அந்த விரல்மேல் குனிந்தார். லோவல் நாற்காலியை அவருக்குப் பின்னால் தள்ளினார். அவர் உட்கார்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, கொள்ளுத்தாத்தா கறுப்பர், அதை ஏற்கத்தான் நேரம் ஆகும் என்று நினைத்தேன். அவர் மனம் அதையும் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"மோஸுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்," என்றார்.

"யாரு மோஸ்?"

"எங்க தாத்தாகிட்ட வேலைக்கு இருந்த கறுப்புக் கெழவன். நான் பிறக்கிறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே செத்துட்டாரு. எங்கப்பா கதை கதையா சொல்வாரு." வறண்ட குரலில், பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனார். "தாத்தா கார்லியிலிருந்து வரும்போதே கூட்டிட்டு வந்தாராம். கடைக்குப் பின்னாடி தீவன அறையில ஒரு கட்டிலு. அங்கதான் இருந்தாரு. எங்கப்பாவுக்குப் பந்து பிடிக்கக் கத்துக்குடுத்ததே மோஸ்தான். வெறுங்கையில பிடிப்பாராம். 'விரல பந்துக்கு நேரா நீட்டாதடா, என் கையப் பாரு'ன்னு கையக் காட்டுவாராம். சுண்டுவிரல் கோணலா நிக்குமாம்."

"டெல்பர்ட்..." என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு எங்களுக்குப் பழக்கமில்லை. வாயில் வந்துவிட்டது.

"நன்றித் திருநாள் அன்னிக்கு வீட்டுல எல்லாரும் இந்தப் படத்துக்குக் கீழ நிப்பாங்க. தாத்தா முதல் கிளாஸ எஸ்ராவுக்குன்னு தூக்குவாரு. நாங்க இன்னிக்கும் அப்படித்தான் செய்யறோம். அப்புறம் எங்கப்பா ஒரு தட்டுல வான்கோழிக் கறியும் கிழங்கும் வெச்சுத் துணி போட்டு மூடி, பின்பக்கத்துப் படிக்குக் கொண்டு போவாராம். மோஸ் படில உக்காந்து சாப்பிடுவாராம்." நிறுத்தினார். "ஜன்னல் திறந்திருந்தா உள்ள பேசறது அங்க கேக்கும்."

லோவல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருடத்தில் எத்தனையோ குடும்பத்துப் பொய்களைப் பிரித்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஒரு பொய்க்கு அடியில் ஒரு மனிதன் இருபத்துமூன்று வருடம் உயிரோடு உட்கார்ந்திருப்பான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

டெல்பர்ட் கைபேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். மாக்சின், அவரைவிட ஆறு வயது மூத்தவள், ஆஷ்வெலிலேயே இருக்கிறாள். பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார். அவள் குரல் எங்களுக்கும் கேட்டது.

"டேய், சனிக்கிழமைக்கு நாற்காலி நூத்தம்பது போதுமான்னு கமிட்டில கேக்கறாங்க, நீ எங்க போய்த் தொலஞ்ச?"

"அக்கா, படத்துல எஸ்ராவோட மூஞ்சி ஒட்டுன மூஞ்சி. பிரிச்சாச்சு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா?"

"எதுக்குடா பிரிச்ச?" என்றாள் மாக்சின். கேட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியும்."

"அம்மா சொன்னா. படுத்த படுக்கையா இருந்தப்ப."

"யாரையெல்லாம் கேட்டு மறைச்சீங்க? என்கிட்டயுமா சொல்லக் கூடாது?"

"யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினாடா. பாட்டி அம்மாகிட்ட சொன்னதே நான் வயித்துல இருக்கும்போதுதான். பிள்ள என்ன நெறத்துல பிறக்குமோன்னு பயம். கறுப்பாப் பிறந்தா மருமக அலறக் கூடாதேன்னு முன்னாடியே சொல்லி வெச்சா. நான் பிறந்ததும் ரெண்டு பேரும் ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போய்ப் பார்த்தாங்களாம்."

"அப்பாவுக்கு?"

"தெரியாது. கடைசி வரைக்கும் தெரியாது. எஸ்ராவோட பொண்டாட்டி வெள்ளைக்காரிடா. தாத்தா அவள உரிச்சு வெச்ச மாதிரி இருந்தாரு. அவ செத்ததும் ஊர மாத்திக்கிட்டு வந்துட்டாரு. பெத்தவரத் தனியா விட்டுட்டு வரவும் மனசில்ல, அப்பான்னு சொன்னா கடையும் கிடையாது, சர்ச்சும் கிடையாது. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டதுதானாம். படத்த எரிச்சிடுன்னு கெழவரே சொன்னாராம். தாத்தாதான் எரிக்க மாட்டேன்னு ஒரு ராத்திரி பூரா உக்காந்து ஒட்டினாராம்."

"கார்லியில எஸ்ராவுக்கு ஒரு கல்லு இருக்கே. வருஷா வருஷம் பூ வெக்கிறோமே?"

"அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல."

"மோஸ எங்க புதைச்சாங்க?"

"கவுண்டி நெலத்துல. ஏழைங்களப் புதைக்க சர்க்கார் விட்டது. கல்லு கில்லு எதுவும் கிடையாது." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "டெல்பர்ட், நான் சொல்றதக் கேளு. அந்தக் காகிதத்தத் திருப்பி ஒட்டச் சொல்லு. சனிக்கிழமை முடியட்டும். அப்புறம் நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கலாம். என் பேரப்பசங்க அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறாங்க."

லோவல் என்னைப் பார்த்தார். ஒட்டு முகம் தட்டில் மல்லாந்து கிடந்தது. ஒட்டினால் ஐந்து நிமிட வேலை. படம் அவருடையது, முடிவும் அவருடையது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

டெல்பர்ட் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெண்கலத்த உருக்கிடலாம்க்கா," என்றார். "கேட்டுப் பார்க்கறேன்."

"உனக்குப் பைத்தியமா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"நான் சனிக்கிழமை வரமாட்டேன். சொல்லிட்டேன்."

"வராத."

அவள் வைத்துவிட்டாள். அவர் பேசியைக் கவிழ்த்து வைத்தார். நான் இரண்டு தாளை எடுத்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தேன். கார்லி அணி, 1886. பின்வரிசை, இடமிருந்து இரண்டாவது ஆள் எஸ்ரா டாலிவர், கேட்சர். முகம், கைகள் அசல். சொல்ல வேண்டியது என் கடமை என்பதால், ஏலத்துக்குப் போனால் நாற்பதாயிரத்துக்குக் குறையாது என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். மணி என்ன என்று சொன்னாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பார்.

"மோஸ் செத்த அன்னிக்கு நடந்தத எங்கப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வாரும்மா," என்றார். "அப்பாவுக்கு அப்ப இருபது வயசு. தாத்தா பெத்த பொண்ணு செத்தப்பகூட கண்ணு கலங்காத ஆளு. அன்னிக்குத் தீவன அறையில மூட்டை மேல உக்காந்துக்கிட்டு மாடு கத்தற மாதிரி கத்தினாராம். கடைக்கு வந்தவங்கெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தாங்களாம். என்ன வாரன், ஒரு கூலிக்காரனுக்கா இப்படி அழறேன்னு பாதிரியார் கேட்டாராம். 'இனிமே மூட்ட தூக்க ஆளுக்கு நான் எங்க போவேன்'னாராம் தாத்தா. எழுபத்தெட்டு வயசுக் கெழவன் என்னத்த மூட்ட தூக்கினாரு!"

கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. கண்ணீர் மோவாய் வரைக்கும் வந்து சட்டையில் சொட்டியது.

"அப்பா அத நடிச்சுக் காட்டுவாரு. அம்மாவோட மேல்துணிய வாயில வெச்சுக்கிட்டு, மூக்க உறிஞ்சி, 'எங்க போவேன், எங்க போவேன்'னு. நாங்க பிள்ளைங்க எல்லாம் தரையில உருண்டு உருண்டு சிரிப்போம். அக்கா மட்டும், அம்மா படுக்கையில விழுந்த வருஷத்துலேருந்து, எழுந்து வெளிய போயிடுவா. நான்தான், அப்பா இன்னொரு தடவ செய்யுங்க, இன்னொரு தடவன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன்."